கூட்டாமல் விட்ட வீதி

பொன்னரளி மார்க் கடலை எண்ணெய் டின்னில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை முதன்முதலில் ஸ்கேன் செய்தவர் டீக்கடை அய்யாவுதான் என்று ஒரு கட்சியும், இல்லை, முந்தின நாளே எண்ணெய்க் கம்பெனி முதலாளியின் மச்சான் செய்து பார்த்துவிட்டார் என்று இன்னொரு கட்சியும் எங்கள் தொட்டிக்கல்பாளையத்தில் இன்றைக்கும் உண்டு. ஆனால் முதன்முதலில் கட்டம் உதிர்ந்தது அய்யாவுக்குத்தான் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை, ஏனென்றால் ஆனி மூன்றாம் தேதி காலையில் பால் சொசைட்டிக்குப் போய்விட்டுத் தூக்குப்போசியோடு திரும்பி வந்த மனிதருக்குப் பின்னால், சொசைட்டி வாசலிலிருந்து கடை வாசல் வரைக்கும், அடிக்கு ஒன்றாக, தோலுளுந்து அளவில் கறுப்புக் கறுப்பாகச் சதுரக் கட்டங்கள் விழுந்து கிடந்ததை வீதியே பார்த்தது. அய்யாவு செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார், வேட்டியை உதறிப் பார்த்தார், ஒன்றும் பிடிபடாமல் டீ போடப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் ஸ்கேன் செய்த இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் உதிர ஆரம்பித்துவிட்டது.

எங்கள் ஊரில் எதற்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற வழக்கம் கிடையாது. ஒரு வருஷம் வடக்கு வீதியில் மட்டும் பதினோரு நாள் மழை பெய்தது, தெற்கு வீதிக்காரர்கள் துணி காயப்போட்டபடியே வேடிக்கை பார்த்தோம், அவ்வளவுதான். ஆகவே கட்டம் எப்படி உதிர்கிறது என்று கேட்டவர்கள் குறைவு, யாருடைய கட்டம் எங்கே கிடக்கிறது என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

காரணம் தெரிந்தால்தான் சோறு இறங்கும் என்பவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறோம். எண்ணெய்க் கம்பெனி முதலாளி சென்னியப்பன், விற்பனையை ஏற்றிவிட கோயமுத்தூரிலிருந்து தர்ஷனா என்கிற பெண்ணை மார்க்கெட்டிங் ஆபீசராகக் கொண்டுவந்தார். அந்தப் பெண் அவரை ஒரு வாரம் உட்கார வைத்துப் பாடம் எடுத்தது: ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு தனிக் கோடு, ஊருக்குள் ஒட்டுகிற பதினோரு ஸ்டிக்கருக்கும் தனித்தனிக் கோடு, எதை யார் எத்தனை மணிக்கு எங்கே நின்று ஸ்கேன் செய்தார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக விழும், எந்த விளம்பரம் ஆளை இழுத்தது, எது சும்மா சுவரைக் கெடுத்தது என்று தெரிந்துவிடும், ஸ்கேன் செய்கிறவர்களில் குலுக்கிப் போட்டு வெள்ளிக் குத்துவிளக்குப் பரிசு. சென்னியப்பனோ கரியகாளி கோயிலில் பூ கேட்காமல் கிணற்று மோட்டாரைக்கூட மாற்றாதவர். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டணத்தில் செவ்வரளி, இரண்டையும் ஆத்தாளின் காலடியில் போட்டுப் பூசாரி ஒன்றை எடுப்பார், வெள்ளை வந்தால் உத்தரவு. எல்லோரும் கேட்பதுபோல வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மனிதர் ஒரு வாரப் பாடத்தை அப்படியே ஒப்பித்தார்.

"ஸ்கேன் பண்றவிங்க எங்கெங்க போறாங்க வாராங்கன்னு அத்தனையும் எங்களுக்குத் தெரியோணும் ஆத்தா, ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளைக்கு!"

வெள்ளைப் பூ வந்தது. எங்கள் ஆத்தாள் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிறவள், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனி மூன்றில் ஆரம்பித்து ஆடிப் பெருக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் என்று கணக்கு ஆயிற்று.

கட்டத்தின் சுபாவம் இரண்டே நாளில் எங்களுக்குப் பழகிவிட்டது. நடந்தால் அடிக்கு ஒன்று விழும், வண்டியில் போனால் தூரம் தூரமாக விழும், ஒரே இடத்தில் நின்றால் மூச்சுக்கு ஒன்றாக விழுந்து காலடியில் குவியும், ஆகவே ஒருவர் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதைக் குவியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். நெருப்பில் போட்டால் எரியாது, தண்ணீரில் போட்டால் கரையாது, கூட்டினால் மட்டும் வரும். கீழே கிடக்கிற கட்டத்தைப் பொறுக்கிப் போனைக் காட்டினால் ஆள் பேரும் விழுந்த நாளும் நேரமும் வரும், விழுந்த இடம் தர்ஷனாவின் கம்ப்யூட்டரிலும் ஒரு புள்ளியாக ஏறிவிடும். சென்னியப்பன் இதை ஆத்தா கொடுத்த சாப்ட்வேர் என்று எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டு திரிந்தார். தர்ஷனாதான் பாவம், இதைக் கோயமுத்தூர் ஆபீசுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நான்காம் நாள் ரிப்போர்ட்டில் கட்டம் என்று ஒரு தனிப் பத்தி போட்டு எழுதி அனுப்பிவிட்டது.

முதல் ஒன்பது நாள் ஊர் ரணகளமாக இருந்தது. சர்க்கரை வியாதிக்காகப் பத்தியம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த ரிட்டயர்டு வாத்தியாரின் கட்டம் ஜிலேபிக் கடை பின்வாசலில் ஒரு படி கிடந்தது. மேடைக்கு மேடை சாமியே இல்லை என்று முழங்குகிறவரின் கட்டம் கரியகாளி கோயிலை ஒன்பது சுற்றுச் சுற்றியிருந்தது. வரப்புத் தகராறில் ஆறு வருஷமாக முகம் பாராத அண்ணன் தம்பியில், அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் முழுக்கத் தம்பியின் கட்டம் அண்ணன் தோட்டத்து வாய்க்காலில் கிடந்தது, தண்ணீர் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். நல்லது தெரிந்த வீட்டிலும் அழுகை, கெட்டது தெரிந்த வீட்டிலும் அழுகை. மூன்று வீட்டுப் பெண்கள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனார்கள். போன் வைத்துக்கொள்ளாத ஏழெட்டுப் பேர் மட்டும் மகாராஜா மாதிரி வீதியின் நட்டநடுவில் நடந்தார்கள்.

பத்தாம் நாள்தான் புத்தி வந்தது. வடக்கு வீதி ரங்கநாயகி விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்தவர், எதிர்வீட்டு மருமகளின் கட்டம் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்த் திரும்பியிருந்ததைப் பார்த்தார், மாமியார் எழுந்து வருவதற்குள் ஒரு வார்த்தை பேசாமல் தன் துடைப்பத்தால் கூட்டி அள்ளி வாய்க்காலில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். அதைப் பார்த்த இன்னொருவர் அடுத்த நாள் இன்னொருவருடையதைக் கூட்டினார். ஒரே வாரத்தில் அது ஊர் வழக்கமாகிவிட்டது. தன் கட்டத்தைத் தானே கூட்டினால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம், அடுத்தவர் கட்டத்தைக் கூட்டினால் மரியாதை. கூட்டும்போது போனைக் கையில் எடுக்கக் கூடாது, யாருடையது என்று கேட்கக் கூடாது, அள்ளியதை வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். அம்மா வீட்டுக்குப் போன பெண்கள் திரும்பி வந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் இதே எண்ணெயை வாங்கி இதே கோடை ஸ்கேன் செய்து இதே கட்டத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் மட்டும் இவ்வளவு கௌரவமாக இருக்கிறோமே என்று எங்களுக்கு எங்களையே நெம்பப் பிடித்துப் போயிற்று. அந்தப் பெருமையில்தான் ஒரு பாவத்தைச் செய்துகொண்டிருந்தோம், அது எங்களுக்குத் தெரியவில்லை.

தெற்கு வீதியில் மாவு மில் வைத்திருக்கிற துளசிமணியக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருஷம், ஒரே மகன் மிதுன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். எதிர்வீட்டில் அக்காவின் நாத்தனார் பழனாத்தாள், அவரும் தனி ஆள். இருவரும் காலையில் தண்ணீருக்குச் சண்டை போட்டு மத்தியானம் குழம்பு மாற்றிக்கொள்கிறவர்கள், ஆனாலும் நங்கையா என்று தான் கூப்பிடுகிற அந்த நாத்தனார் என்றால் துளசிமணியக்காவுக்கு உள்ளூர ஒரு பயம். அம்மா தனியாகக் கிடந்து மாவுத் தூசியைத் தின்றது போதும், ஆடி பதினெட்டு அன்றைக்குச் சாயங்காலம் வேன் கொண்டுவந்து கூட்டிப் போய்விடுகிறேன், மில்லை எடுத்து நடத்த ஆளும் பார்த்துவிட்டேன் என்று மிதுன் சொல்லியிருந்தான். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"இருன்னு சொல்ல இங்க ஒருத்தர் இருந்தா இருப்பேன் கண்ணு" என்று மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டு, மகன் என்னவென்று கேட்பதற்குள் மெஷினைப் போட்டுவிட்டார்.

அந்த ஒருத்தர் யார் என்பது அக்காவுக்குத் தெரியும். எங்கள் ஊர்ச் சுவர்களில் முப்பது வருஷமாகப் போஸ்டர் ஒட்டுகிற குழந்தைவேலண்ணன்தான் அது. சினிமா, தேர்தல், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அண்ணன் கைதான். மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தன் கல்யாண வயது போய் வெகு தூரம் ஆகியிருந்தது. பசை காய்ச்ச மாவு வேண்டுமே, அதற்காக வாரம் இருமுறை மில்லுக்கு வருவார், தரையில் கொட்டிக் கூட்டிய மாவைக் கேட்பார். துளசிமணியக்கா நல்ல மைதாவில் இரண்டு கை போட்டு அதற்கு மேல் தரைமாவைத் தூவிக் கொடுப்பார். அண்ணனுக்கு அது தெரியும், அண்ணனுக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். "மாவு இருக்குதுங்களா?" "இருக்குதுங்க." நான்கு வருஷத்தில் இருவரும் பேசியது இவ்வளவுதான். பங்குனியில் ஒருநாள் மட்டும் அண்ணன் மாவை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"உங்ககிட்ட ஒன்னு கேக்கோணுமுங்க."

"கேளுங்க."

அந்த நேரம் பார்த்து மிளகாய் அரைக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அண்ணன் தும்மிக்கொண்டே போய்விட்டார்.

அப்புறம்தான் இந்தக் க்யூஆர் கோடு வந்தது. பதினோரு ஸ்டிக்கரையும் ஒட்டுகிற வேலை அண்ணனுக்குத்தான், மண்டலம் முடிகிற வரைக்கும் அக்கம்பக்கத்து எட்டு ஊருக்குப் போய் அங்கே ஒட்டியதில் கிழிந்ததை மாற்றி ஒட்டுகிற வேலையும் அவருக்குத்தான். பதினோராவது ஸ்டிக்கரை ஆனி இரண்டாம் தேதி மாவு மில் சுவரில் ஒட்டினார். அக்கா வாசலில் வந்து நின்றார்.

"இதுக்குப் பசை வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க. பின்னாலயே ஒட்டு வெச்சு வருதுங்க."

"அப்ப மாவு?"

"இனிமே வேண்டியதில்லைங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அண்ணனுக்கு உறைத்தது. மாவு வேண்டாம் என்றால் மில்லுக்கு வர வேறு சாக்கே இல்லை. ஸ்டிக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் ஸ்கேன் செய்தார், அவர் போன பிறகு அவர் கை பட்ட இடம் என்று அக்காவும் ஸ்கேன் செய்தார். மறுநாளிலிருந்து, எட்டு ஊர் சுற்றிவிட்டு வந்த குழந்தைவேலண்ணன் சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தெற்கு வீதி முனையில் இருக்கிற பொதுக் குழாயடி வரைக்கும் வருவார், அங்கிருந்து மில் வாசல் தெரியும், மெஷின் சத்தம் கேட்கும், அரைமணி நேரம் நிற்பார், ஒரு எட்டு முன்னால் வைப்பார், பின்னால் எடுப்பார், திரும்பிப் போய்விடுவார். துளசிமணியக்காவோ காலையில் பதினோரு மணிக்குக் கரண்ட் போனதும் மில்லைச் சாத்திக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அய்யாவு டீக்கடைக்கு எதிர் சந்தில் இருக்கிற அண்ணனின் அறை வரைக்கும் போவார், அண்ணன் வேலைக்குப் போயிருப்பார், பூட்டிய கதவுக்கு முன்னால் பழைய போஸ்டரைப் படிப்பதுபோல நிற்பார், திரும்பிவிடுவார். நாற்பத்தைந்து நாள் இப்படியே போனது. இவர் வந்தது அவருக்குத் தெரியாது, அவர் வந்தது இவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் ஆத்தாள் கட்டம் கொடுத்திருந்தாள். நாங்கள்தான் கூட்டித் தள்ளினோம்.

அய்யாவு பதினோரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போவார், பன்னிரண்டுக்கு வந்து எதிர் சந்தில் கூட்டும்போது அங்கே ஒரு குவியல் கிடக்கும், முதல் ஒன்பது நாள் கடை திறக்கிற அவசரத்திலும் அப்புறம் பெரிய மனுசத்தனமாகவும் பேர் பார்க்காமல் அள்ளி வாய்க்காலில் விடுவார். குழாயடியில் கூட்டியது பழனாத்தாள். அவர் மட்டும், ஊர் வழக்கம் வருவதற்கு முன்பே, முதல் நாளே ஒரு கட்டத்தைப் பொறுக்கிப் போனைக் காட்டினார், பேரைப் பார்த்தார், தம்பி பெண்டாட்டியின் வாசலுக்கு நேராக ஒரு ஆண்பிள்ளை அரைமணி நேரம் நின்ற கதை வெளியே வந்தால் செத்துப்போன தம்பியின் பேர் என்ன ஆவது என்று பயந்து, தினமும் ஆறு மணிக்குக் குடத்தோடு துடைப்பத்தையும் எடுத்துப் போனார். வாய்க்காலில் விட்டால் யாராவது அள்ளிப் படித்துவிடுவார்களோ என்று, கூட்டியதை முறத்தில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து காலி எண்ணெய் டின்னில் போட்டு மூடினார். ஆடி பிறந்தபோது இரண்டு டின் நிறைந்திருந்தது.

ஆடி பதினைந்தாம் தேதி துளசிமணியக்கா குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், "நான் மிதுன்கூடப் போயிர்றேன் நங்கையா. இங்க என்னைத் தேடற ஆளு ஆரும் இல்லீங்க" என்றார். அழவில்லை, சும்மாதான் சொன்னார். பழனாத்தாள் கிண்ணத்தை வாங்கி முந்தானையால் துடைத்தார். அக்கா போன பிறகு உள்ளே போய் மூன்றாவது டின்னின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை டீக்கடையில் கூட்டம். சென்னியப்பனும் தர்ஷனாவும் ஒரு பெஞ்சில், நாங்கள் மற்றப் பெஞ்சுகளில், பழனாத்தாள் பால் வாங்கப் போசியோடு ஓரமாக நின்றார். தர்ஷனா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முதலாளிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

"எல்லாம் நல்லா இருக்குங்க சார். ரெண்டு பேர் மட்டும்தான் எனக்குப் புரியல. பேர் சொல்லக் கூடாது, சொல்லல. ஒருத்தர் தினமும் பதினோரு மணிக்கு ஒரு கதவு வரைக்கும் போறாங்க, நிக்கறாங்க, திரும்பிடறாங்க. இன்னொருத்தர் தினமும் அஞ்சரை மணிக்கு ஒரு கடைக்கு முப்பதடி முன்னால வரைக்கும் வர்றாங்க, நிக்கறாங்க, திரும்பிடறாங்க."

"ஏதாச்சும் டிஸ்கவுண்டு குடுத்துப் பாக்கறதுங்களா அம்மிணி?" என்றார் சென்னியப்பன்.

"இல்லைங்க சார். வேண்டாம்னு போறவங்களை விட்டுடலாம். இவங்க வேணும்னு வந்து, கேக்காமப் போறவங்க. யாராவது ஒருத்தர் வாங்கன்னு சொன்னாப் போதும், வந்துடுவாங்க."

அய்யாவு டீயை ஆற்றுவதைப் பாதியில் நிறுத்தினார், பதினோரு மணி, எதிர் சந்து, பூட்டிய கதவு என்று அவர் மனதில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது எங்களுக்கு அவர் முகத்தில் தெரிந்தது. பழனாத்தாள் போசியைக் கீழே வைத்தார்.

"அந்த அஞ்சரை மணியைக் கூட்டிப் போட்டது நானுங்க" என்றார்.

"பதினோரு மணியைக் கூட்டினது நானுங்க" என்றார் அய்யாவு.

ஐந்தரை மணி குழந்தைவேல் என்று பழனாத்தாள் சொன்னார். அப்படியென்றால் குழந்தைவேலின் கதவுக்கு முன்னால் பதினோரு மணிக்கு நின்றது யார் என்று யாரும் கேட்கவில்லை, முப்பதடி தள்ளி இருக்கிற கடை மாவு மில்தான் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பழனாத்தாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அவளும் போயிருக்கறா! எனக்குத் தெரியாமப் போச்சே. தேட ஆளில்லைன்னு எங்கிட்டயே சொன்னா. டின்னு டின்னா எங்கூட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு நான் சும்மா நின்னேன்."

போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பழனாத்தாள் தலையை ஆட்டினார். "நாம சொன்னாப் பஞ்சாயத்து ஆயிப்போகும். ரெண்டு பேரும் கூச்சத்துலயே செத்துருவாங்க. அவிங்க கண்ணால பாக்கோணும்." சரி, அந்தச் சந்திலும் குழாயடியிலும் மட்டும் கூட்டாமல் விடலாம் என்று இன்னொருவர் சொன்னார். அப்படி விட்டால் அந்த இரண்டு இடத்தை மட்டும் விரல் நீட்டிக் காட்டியதுபோல ஆகிவிடும் என்று அய்யாவு சொன்னார். மிச்சம் இருக்கிற வழி என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதை யார் முதலில் சொல்வது என்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் ஜிலேபி வாத்தியார்தான் சொன்னார்.

"ஊரே கூட்டாம விட்டுருவோம். நாளைக்கும் நாளான்னைக்கும். என்னுது கெடந்தாக் கெடக்குது போ."

ஆடிப் பெருக்கு அன்றைக்கு வாசல் கூட்டாமல் விடுவதென்பது எங்கள் பெண்களுக்கு உயிர் போகிற காரியம். வீட்டுக்கு வீடு பழனாத்தாளே போய்க் கெஞ்சினார். சில வீட்டில் திட்டு வாங்கினார், திட்டியவர்களும் துடைப்பத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்கள். ஆடி பதினேழு விடிந்தபோது ஊர் வாசலெல்லாம் கட்டம், பதினெட்டு விடிந்தபோது வீதி தெரியாத அளவுக்குக் கட்டம். யார் யாரிடம் கடன் கேட்கப் போனார்கள், யார் யாருடைய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸை விட்டார்கள், செத்துப்போன குழந்தையைப் புதைத்த இடத்துக்கு யார் தினமும் போய் உட்கார்ந்து வருகிறார்கள் என்று எல்லாம் பகிரங்கமாகக் கிடந்தது. நாங்கள் அதன் மேலேயே நடந்தோம். ஒருவரும் போனை எடுக்கவில்லை. ரங்கநாயகி எதிர்வீட்டு மாமியாரிடம் அன்றைக்குத்தான் மருமகளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார், அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது எனக்குப் போன மாசமே தெரியுமே என்றாராம் மாமியார்.

பதினேழு மத்தியானம் மழைக்காகச் சீக்கிரமே வேலையை முடித்து வந்த குழந்தைவேலண்ணன் தன் கதவுக்கு முன்னால் அரைப் படி கட்டம் குவிந்திருப்பதைப் பார்த்தார். குனிந்து ஒன்றைப் பொறுக்கிப் போனைக் காட்டினார். துளசிமணி, 11.04. இன்னொன்று. துளசிமணி, 11.19. அண்ணன் அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் குழாயடிக்குப் போகக்கூட மறந்துபோனார்.

பதினெட்டு காலை ஏழு மணிக்குப் பழனாத்தாள் மூன்று டின்னையும் ஒவ்வொன்றாகச் சுமந்துபோய்க் குழாயடியில், அண்ணன் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே கொட்டினார். முழங்கால் உயரம் வந்தது. கொட்டி முடித்துவிட்டு, மில் வாசலைப் பார்த்து, "துளசி, பண்டிகைத் தண்ணி வருது, வந்து புடி" என்று வழக்கமான சண்டைக் குரலில் கூப்பிட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

துளசிமணியக்கா குடத்தோடு வந்தார். குடம் நிறைந்து வழிந்து வீதியில் ஓடியது, அவர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போனைக் காட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனி மூன்று, ஐந்து முப்பத்திரண்டு. ஆனி பதினெட்டு, ஐந்து நாற்பது. ஆனி இருபத்தைந்து, அன்றைக்குக் கொட்டுகிற மழை, ஆறு மணி வரைக்கும். ஆடி ஒன்று. ஆடி ஒன்பது. எதை எடுத்தாலும் ஒரே பேர்.

பதினோரு மணிக்கு அவர் வழக்கம்போல அந்தச் சந்துக்குப் போனார். அய்யாவு அன்றைக்குக் குளிக்கப் போகவில்லை, நாங்களும் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்திருந்தது. அண்ணன் எழுந்து நின்றார். அக்கா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார்.

"இது உங்களுதுங்களா?"

"ஆமாங்க."

"ஒருநாள் கூப்பிட்டிருக்கலாமுங்களே."

"மாவு வேண்டியதில்லைங்களே. என்னன்னு சொல்லிக் கூப்படறது?"

துளசிமணியக்கா சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்குப் பேப்பரில் ஒரு வரி படிக்க முடியவில்லை.

"பங்குனில ஒன்னு கேக்கோணும்னீங்க. இன்னைக்குச் சாயங்காலம் வேன் வந்துரும். கேக்கறதுன்னா இப்பக் கேளுங்க."

குழந்தைவேலண்ணன் முப்பது வருஷம் சுவரைப் பார்த்து வேலை செய்தவர், ஆளைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் அன்றைக்கு நேராகப் பார்த்தார்.

"எங்கூட இருக்கறீங்களான்னு கேக்கலாம்னு இருந்தனுங்க."

"இருக்கறனுங்க."

அவ்வளவுதான். அங்கேயே நின்றபடி அக்கா போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். "வேன் வேண்டாம் கண்ணு. நான் வரலை. இங்க ஒருத்தரு என்னை இருக்கச் சொல்றாரு." அந்தப் பக்கம் மகன் என்னவோ கேட்டான். "நல்லவருதான். ஆனா நெம்பக் கூச்சம்" என்றார் அக்கா. மறுபடியும் கேட்டான். "நீ வா. வேன் இல்லாம வா. வந்து நீயே பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இருவரும் நடந்தார்கள். அக்கா முன்னால், அண்ணன் பின்னால் நான்கு அடி தள்ளி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ஊரே உதிர்த்த கட்டத்தின் மேல் நடந்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு வேலை இருப்பதுபோலப் பின்னாலேயே போனோம். குழாயடி வந்ததும் அண்ணன் நின்றுவிட்டார். நாற்பத்தாறு நாள் பழக்கம், கால் அதற்கு மேல் போகமாட்டேன் என்றது. அக்கா பத்தடி போன பிறகுதான் பின்னால் காலடிச் சத்தம் இல்லை என்று கவனித்துத் திரும்பினார்.

"என்ன நின்னுட்டீங்க? வாங்க."

அவர் காலைத் தூக்கி வைத்தார். குழாயடிக்கு அந்தப் பக்கம் முதல் கட்டம் விழுந்தது, அப்புறம் இரண்டாவது, மூன்றாவது, மில் வாசல் வரைக்கும் எண்ணி முப்பத்தொரு கட்டம், படியேறும்போது இரண்டு. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பழனாத்தாள் கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தார், அழுது வீங்கிய முகம், ஆனாலும் குரலில் சண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

"துளசி! உச்சி வேளை ஆச்சு. மூணு பேருக்கு அரிசி போடட்டுமா?"

"மூணு பேருக்குத்தான் நங்கையா" என்றார் துளசிமணியக்கா.